இரவல் காது, இரவல் முதுகு

தோட்டத்து மருந்தகத்தில் ஒரு மாதம் வேலை பார்த்தால் போதும், நோயாளி சொல்கிற வலியும் அவருக்கு இருக்கிற வலியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது புரிந்துவிடும். மலாயாவில், அலோர் காஜாவுக்கு அப்பால், அவசரகாலத்துக்காகக் கம்பி வேலி போட்டு அடைத்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸருக்கு நான் உதவியாள். கல்லூரியில் படித்தவள்தான், வாய் திறந்து பேசத்தான் வராது. மருந்து கலக்கும் மற்ற சகோதரிகளுக்கு இந்த அவஸ்தைகள் புதிதாக இருக்காது.

கேட்கும் காது

பால்மரம் வெட்டும் லெட்சுமியக்கா காது கேட்கவில்லை என்று வந்தார். "எந்தக் காது அக்கா?" என்றேன். என் குரல் மேசையைத் தாண்டாது என்று டிரஸரே குறைபட்டுக்கொள்வார். அக்காவோ உடனே, "ரெண்டும்தான் மிஸ்ஸி" என்றார். பக்கத்து அறையில் டிரஸர் தமக்குள் ஏதோ முணுமுணுத்தார். "கத்திரிக்கோல் ஜன்னல்ல இருக்கு ஐயா" என்று இங்கிருந்தே அக்கா அதற்கும் பதில் சொன்னார்.

எழுந்திருக்கும்போதுதான் முகம் சுருங்கியது. மேசை விளிம்பைப் பிடித்து, பாதி எழுந்து, மூச்சு வாங்கி, மீதியும் எழுந்தார். தினமும் காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கிற உடம்பு. முதுகு வலிக்கிறதா என்றேன். "முதுகு நல்லாத்தான் இருக்கு. காது மருந்து குடுங்க. என் காதுல ஊத்திறாதீங்க, சீசாவுல ஊத்துங்க."

வலிக்காத முதுகு

மறுநாள் அவர் கணவர் ஆறுமுகம் அண்ணன் வந்தார். ரப்பர் ஆலையில், பாலை உருளைகளுக்கிடையே விட்டுத் தகடாக்கும் மெஷினில் மீசை முளைத்த நாளிலிருந்து நிற்பவர். அந்த மெஷின் ஓடும்போது ஆலைக்கு வெளியே மரத்தடியில் நிற்கிற எனக்கே பல் கூசும்.

முதுகுவலி என்றார். "எத்தனை நாளாக?" என்றேன். "ஆமா" என்றார். "படுத்தால் வலிக்கிறதா, குனிந்தால் வலிக்கிறதா?" அதற்கும் ஆமாதான். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் கிடந்த மருந்துப் பெட்டியை ஒரே கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார்ந்தார். டிரஸரும் நானும் சேர்ந்து நகர்த்த முடியாத பெட்டி அது. தைலத்தைக் கொடுத்தேன். வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிற குரலில், ரகசியம் கேட்பதாக நினைத்துக்கொண்டு கேட்டார்: "இதைத் தேச்சா அவளுக்கு எரியாதுல்ல மிஸ்ஸி?"

பஞ்சு

காது போனவருக்கு மெஷினில் இடமில்லை; முதுகு போனவருக்கு வாளி இல்லை. இரண்டு பேரும் வேலை இழந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதனால்தான் வலியை மாற்றிச் சொல்லி மருந்து வாங்குகிறார்கள். டிரஸருக்கும் இது தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஒருநாள் அவர், காதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, ஆலைக்காரர்கள் எல்லோருக்கும் பஞ்சு கொடுத்தனுப்பினார். அந்த வாரம் மாரியம்மன் கோயிலில் பஞ்சுத் திரி போட்டு ஏகப்பட்ட விளக்குகள். ஆலையில் கூட்டும் அம்மாள் ஒருத்தியிடம் விசாரித்தேன். "காதை அடைச்சா மெஷின் சத்தம் மட்டுமா போகும்? கங்காணி கூப்புடுறதும் போயிரும். அதுக்கு வேற ஏச்சு வாங்கணுமாலா?"

வாசல்

காலையில் ஊரடங்கு முடிந்ததும் வேலி வாசலில் சோதனை நடக்கும். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாராவது அரிசி கொண்டுபோகிறார்களா என்று பார்ப்பார்கள். காவலுக்கு நிற்கிற மலாய்க்காரப் பையன் "பெர்ஹெந்தி!" என்று கத்தினால் நின்றுவிட வேண்டும். அண்ணன் எப்போதும் அக்காவின் குதிகாலைப் பார்த்தபடி பின்னால் நடப்பார். அக்கா நின்றால் நிற்பார்.

ஒரு மழைநாளில் அக்காவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பாயைவிட்டு எழ முடியவில்லை. அண்ணன் தனியாக வந்தார். பையன் கத்தினான். அண்ணன் நடந்தார். மறுபடி கத்தினான். துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது. சோதனை வரிசையில் நின்ற நான் ஓடிப்போய் அண்ணன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். சிரித்தபடி திரும்பினார். பிறகுதான் துப்பாக்கியைப் பார்த்தார்.

பையன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். இவருக்குக் காது கேட்காது, ஆபீசில் சொன்னால் வேலை போய்விடும் என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சினேன். பையன் தொப்பியைக் கழற்றி மழைநீரை உதறினான். அவன் மலாயில் சொன்னது இதுதான்: "என் அப்பா மரம் அறுக்கிற ஆலையில இருக்காருலா. வீட்டுல நாங்க அவரைக் கூப்பிடறதே இல்ல, கையை ஆட்டுவோம்."

துணி

விஷயத்தைக் கேள்விப்பட்ட அக்கா படுத்தபடியே அழுதார். எழ முடிந்த அன்று, அந்தப் பையன் ஆட்டுவதற்கென்று, தூரத்திலும் தெரியட்டுமே என ஒரு சிவப்புத் துண்டை எடுத்துப்போய் அவனிடம் நீட்டினார். "சிவப்பு வேணாம்லா அக்கா! முதல்ல என்னைத்தான் பிடிச்சுட்டுப் போவாங்க" என்று அவன் பின்வாங்கினான்.

இப்போது வாசலில் ஒரு மஞ்சள் துணி இருக்கிறது. அது உயர்ந்தால் அண்ணன் நிற்கிறார், இறங்கினால் போகிறார். பையன் காவல் மாறும்போது அடுத்தவனிடம் துப்பாக்கிக் கணக்கோடு அதையும் ஒப்படைக்கிறான். சென்ற வாரம் தைலம் வாங்க வந்த அண்ணன் என்னிடம் சொன்னார்: "இந்தத் தோட்டத்துலயே அந்தத் தம்பி ஒருத்தன்தான் மிஸ்ஸி, என்கிட்ட கத்தாம பேசுறான்."

அலமாரி கொள்ளாமல் மருந்து அடுக்கி வைத்திருக்கும் எங்கள் மருந்தகத்தைவிட, ஒரு முழத் துணிக்குக் கைராசி அதிகம் என்பதை டிரஸரிடம் எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை.