முழு வாக்கியம்

கல்லூரியில் மொழியியல் நடத்துகிறேன். மனத்துக்குள் இலக்கணம் எப்படி வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. பிறக்கும்போதே மூளையில் அதற்கொரு அச்சு இருக்கிறது என்பது ஒன்று. அதெல்லாம் கிடையாது, கேட்டுக் கேட்டுப் பழகியதுதான் என்பது மற்றது. மாணவர்களை இரண்டாகப் பிரித்து மோதவிட்டு வேடிக்கை பார்ப்பேன். யார் ஜெயித்தால் எனக்கென்ன.

போன மழைக்காலத்தில் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் உடைந்துபோனது. "தண்ணி... ஜன்னல்... நீ" என்பார். சொற்கள் வரும், ஒன்றோடொன்று சேராது. முதல் கட்சி சொல்வது சரியென்றால், அச்சு உடைந்தது உடைந்ததுதானா? இரண்டாவது சரியென்றால் பேசிப் பேசியே மீட்டுவிடலாம். பேசாமல் இரண்டாவது கட்சியில் சேர்ந்துவிட்டேன். வேறு போக்கிடம் இல்லை.

வங்காளத்தில், எங்கள் நியூ டவுன் வீட்டில் தமிழ் பேச நாங்கள் இருவர்தான். காலையில் காப்பியோடு அவர் எதிரில் உட்காருவேன். "இங்க பாருங்க, பால்கனி செடிக்காக நம்ம சண்டை போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"சண்டை" என்பார். அதற்கு மேல் வராது.

பகலில் அவரோடு இருப்பது வங்காளி ஆயா. சாயங்காலம் நான் களைத்து நுழைந்ததும் அவள் தவறாமல் சொல்வாள்: "ஆப்னி போஷுன் தீதி, ஆமி சா கோரே திச்சி." நீங்க உட்காருங்க அக்கா, டீ போட்டுத் தரேன்.

ஒருநாள் ஆயா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். கதவைத் திறந்தேன். ஜன்னலோர நாற்காலியிலிருந்து அவர் திரும்பிப் பார்த்தார். மரியாதையாகச் சிரித்தார்.

"ஆப்னி போஷுன் தீதி, ஆமி சா கோரே திச்சி."

திக்கவில்லை, திணறவில்லை. எந்த முழு வாக்கியத்துக்காகத் தவம் கிடந்தேனோ அது வந்துவிட்டது. ஆனால், தீதியா? கல்யாணமான நாளிலிருந்து என்னை "இவளே" என்று கூப்பிட்டவர் அவர்.

கேட்டுப் பழகியதைத் திருப்பிச் சொல்கிறார், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டேன். இரண்டாவது கட்சியே ஜெயிக்கட்டும். இல்லையென்றால் வீட்டுக்கு வந்த யாரோ ஒரு அம்மாளை உபசரிக்கிறார்.

"நான் யாரு, சொல்லுங்க" என்று கேட்டால் தெரிந்துவிடும். கேட்கப் பயமாக இருந்தது. கைப்பையைக்கூட இறக்காமல், அவர் சொன்னபடி உட்கார்ந்தேன்.