அப்பாவின் திப்பித் தொட்டி

எங்கள் தந்தையார் காலமாகி ஓராண்டு நிறைகிறது. மறைந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டுமாம். நாற்றத்தை எழுதாமல் விட்டால் எங்கள் தெருக்காரர்கள் இந்த நினைவு மலரை நம்பமாட்டார்கள்.

அப்பா கனகசெட்டிக்குளத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, மேட்டுப்பாளையத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மேஸ்திரி ஆனார். மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பாலெடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. அது வீணாவதை அவரால் பொறுக்க முடியவில்லை. கொல்லையில் தொட்டி கட்டி, சாணத்தோடு திப்பியைக் கரைத்து ஊற்றி எரிவாயு எடுத்தார். அடுப்பு நீலமாக எரிந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அக்காவின் நிச்சயதார்த்தத்தில், "எங்க ஆலை ஜவ்வரிசி, எங்க திப்பி வாயு. கல்யாணத்துல சம்பந்தி பந்திக்கு அதுலதான் பாயசம்" என்று சபையில் சொல்லிவிட்டார். சம்பந்தி சிரித்தார். அப்பாவுக்கு ரோஷம் வர அது போதாதா?

வாயு நிறைய வேண்டுமே என்று, சாணத்தை விட்டுவிட்டுக் கூடை கூடையாகத் திப்பியைக் கொட்டினார். தொட்டி புளித்துப் போனது. வாயு நின்றது, வாடை நிற்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரரான பக்கத்து வீட்டுச் சொல்தா மாமா ஓடி வந்தார்.

"மோன் தியே! இன்னா முசியே இது? சண்டையிலகூட இப்டி ஒரு வாடை பாத்ததில்ல!"

"விருந்தாளிக்குத் திணிக்கிறாப்ல தொட்டிக்குத் திணிச்சா வயிறு கெடாம இன்னா பண்ணும்? பேசாம வெறகு வாங்கியாங்க" என்றார் அம்மா.

"சபையில சொன்ன வார்த்தைடி" என்ற அப்பாவின் கண் கலங்கியிருந்தது. பாவம், அன்று அவரைப் பார்க்கவே முடியவில்லை.

கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கக் கரைத்த சுண்ணாம்பு இருந்தது. முன்சுவரில் பாதிதான் அடித்திருந்தோம். புளிப்பை முறிக்க மிச்சத்தையெல்லாம் நாள்தோறும் கொஞ்சமாகத் தொட்டிக்கே ஊற்றித் தீர்த்தார். திப்பியை நிறுத்திச் சாணம் மட்டும் கொடுத்தார். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அதைச் சுமந்து வந்தவர் சொல்தா மாமா.

முகூர்த்தத்தன்று காலை அடுப்பு மறுபடியும் நீலமாகப் பற்றிக்கொண்டது. சம்பந்தி இரண்டாம் முறை பாயசம் கேட்டார். அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாரே ஒரு பார்வை, அடேயப்பா!

அதன்பின் ஒவ்வொரு பொங்கலுக்கும், "இந்தப் பாதிச் சுவர முடிங்க, மானம் போவுது" என்று அம்மா சண்டை போடுவார். அப்பா, "அடுத்த பொங்கலுக்கு" என்பார். கடைசியாகப் படுத்திருந்தபோதும், "தொட்டிக்குச் சாணம் போட்டீங்களா?" என்றுதான் கேட்டார். நாங்கள் சாப்பிட்டோமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நோயில் துணை நின்ற உறவினர்களுக்கும், ஆலைத் தோழர்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த சொல்தா மாமாவுக்கும், மூக்கைப் பொத்திக்கொண்டே அன்பு காட்டிய தெருவுக்கும் எங்கள் நன்றி. இன்று நீங்கள் குடிக்கும் பாயசம் அதே அடுப்பில் கொதித்ததுதான். முன்சுவரைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். நினைவு நாளுக்கென்று வெள்ளையடிக்க ஆள் கூட்டி வந்தோம். அம்மாதான் வாசலில் குறுக்கே நின்று, "அவரு வந்து முடிப்பாரு, போங்கடா" என்று விரட்டிவிட்டார்.