மாமி வீட்டு நீல வயர்

குவைத்திலிருந்து ஒரு பெட்டி வந்து இறங்கினால் எங்கள் ஊரில் அது பாதி தெருவுக்குச் சொந்தம். நலம் விசாரிக்க வருகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. சோப்பு, தைலம், பால் பவுடர் என்று எதையாவது கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். ஜெகதாப்பட்டினத்தில் இந்த விஷயத்தில் என் அம்மாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நான் ஏழாவது படிக்கும்போது அந்தத் தாராளம் என் தலையிலேயே வந்து விழுந்தது.

என் அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா குவைத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தார். எட்டாவதோடு பள்ளிக்கு ஸலாம் சொல்லிவிட்டவர். பள்ளிக் கண்காட்சியில் இருட்டினால் தானாக எரியும் விளக்கொன்றைப் பார்த்துவிட்டு நான் போனில் ஓயாமல் அதையே பேச, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட பெட்டியில் விரல் நீளத்தில் ஒரு பச்சை போர்டையும் வைத்து அனுப்பினார். கம்ப்யூட்டரில் நாம் எழுதும் கட்டளையை அதில் ஏற்றிவிட்டால் அது அப்படியே நடந்துகொள்ளும்.

வீட்டிலிருந்த ஒரே கம்ப்யூட்டர் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப். ஞாயிற்றுக்கிழமை அவள் அதையும் தூக்கிக்கொண்டு திருச்சிக் கல்லூரி விடுதிக்குக் கிளம்புகிறாள். அதற்குள் போர்டு என் சொல்லைக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அது கண்ணாடி அலமாரிக்குள் பொம்மைகளோடு போய் உட்கார்ந்துவிடும். நினைக்கும்போதே எனக்கு அழுகை வந்தது.

அம்மாவின் போனிலிருந்து நெட் எடுத்து மென்பொருளை இறக்கினோம். முக்கால்வாசி இறங்கியதும் அம்மாவுக்கு யாராவது போன் பண்ணுவார்கள், எல்லாம் அறுந்துபோகும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஒருவழியாக அதை நிறுவி, டிரைவர் என்கிற இன்னொன்றையும் போட்டு, வயரை மாட்டினோம். போர்டில் ஒரு குட்டி விளக்கு மெதுவாகச் சிமிட்டியது. நான் குதித்தேன். கடையிலிருந்து வரும்போதே அது அப்படித்தான் சிமிட்டுமாம், நாம் சொன்னபடி சிமிட்டினால்தான் கணக்காம் என்று அக்கா என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். சொல்லத்தான் வழியில்லை. போர்டு இணைந்திருக்கும் இடத்தைக் காட்ட வேண்டிய வரி சாம்பல் பூத்துக் கிடந்தது. எத்தனை முறை கழற்றி மாட்டியும் லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து அத்தா வீடியோ காலில் வந்தார். "மேல டூல்ஸுன்னு இருக்கும் பாரு, அத அமுக்கு. இப்ப நீட்டமா ஒண்ணு தொறக்குமே?" என்று எங்கள் திரையைப் பார்க்காமலேயே சொல்லிக்கொண்டு போனார். அத்தாவுக்குத் தெரியாதது உலகத்தில் கிடையாது என்று நம்பிய வயது. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"வயரு நீலக் கலர்தானேம்மா?" என்றார் கடைசியில்.

"இல்லத்தா, கறுப்பு."

"அது சார்ஜ் மட்டுந்தான் ஏத்தும். நீலம் எங்க?"

அக்காவும் நானும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா அடுப்படிப் பக்கம் நழுவப் பார்த்தார். பெட்டி வந்த அன்று பக்கத்து வீட்டு மாமி, சார்ஜர் வயர் அறுந்துபோனதென்று பேச்சுவாக்கில் சொல்ல, நீலத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடந்த பழையதை போர்டோடு வைத்துவிட்டாராம்.

போய் வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். "குடுத்ததத் திருப்பிக் கேக்குறதா? தெருவுல தலை காட்ட வேணாமா?" என்றார் அம்மா. போனில் அத்தாவும் ஆமாம் போட்டார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் எப்போதும் ஒரே கட்சி.

"வயர இங்கிட்டு கொண்டாரக் கூடாது. லேப்டாப்ப அங்கிட்டு கொண்டு போலாம்ல?" என்றாள் அக்கா.

லேப்டாப்பை அக்காவும், போர்டை நானும், அத்தாவை அம்மாவும் தூக்கிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனோம். பிரிட்ஜ் பக்கத்தில் நீல வயரில் மாமியின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. "இதுக்கா இத்தன பேரு வாரீங்க?" என்று சிரித்தபடி மாமி அதைக் கழற்றித் தந்தார். மாட்டியதும் சாம்பல் வரிக்கு உயிர் வந்தது. அத்தா சொன்னபடி, விளக்கு எரியும் நேரமும் அணையும் நேரமும் ஆயிரம் என்றிருந்த இரண்டு இடத்திலும் நூறு என்று மாற்றி ஏற்றினோம். விளக்கு படபடவென்று சிமிட்டத் தொடங்கியது. "மாஷா அல்லாஹ்!" என்றார் மாமி. அம்மா போனை விளக்கின் பக்கம் நீட்டினார். திரையில் அத்தாவின் முகம் அப்படியே நின்றது. நெட் போய்விட்டதென்று நான் போனைத் தட்டித் தட்டி, "அத்தா, தெரியுதா?" என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா லேப்டாப்பை எனக்கே விட்டுவிட்டுப் போனாள். வயர் மட்டும் மாமி வீட்டிலேயே இருந்தது. அதனால் நான் எழுதிய கட்டளைகளெல்லாம் அந்த பிரிட்ஜ் ஓரத்தில்தான் போர்டில் ஏறின. இன்று எனக்குச் சம்பளம் தருவது அந்த வேலைதான்.

சில வருஷம் கழித்து அக்கா கல்யாணத்துக்கு அத்தா வந்தார். அவர் பையிலிருந்து கைலிகளை எடுத்து வைக்கும்போது உள்ளே இன்னொரு போர்டு இருந்தது. அதே பச்சை, கூடவே நீல வயர். இந்த போர்டுகள் கடைசியாக ஏற்றியதை மறப்பதில்லை. கரன்ட் கொடுத்தால் அதையே செய்யும். மாட்டிப் பார்த்தேன். படபடவென்று சிமிட்டியது.

அத்தா வெட்கப்பட்டுச் சிரித்தார். பக்கத்து அறைக்காரரின் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றையும் எனக்கு முன்னாலேயே செய்து பார்த்திருக்கிறார். "எங்கயாச்சும் தடுக்குச்சுன்னா எங்கிட்டதானே கேப்பே? தெரியலன்னு சொல்லக் கூடாதுல்ல" என்றார்.

அன்று மாமி வீட்டில் அசையாமல் நின்ற அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது. நெட் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.