அஞ்சாம் தேதியும் ரெண்டாவது சாவியும்

பன்னிரண்டு மாதம் ஒரு நாள்கூடப் பிந்தாமல் கார் டியூ கட்டி வந்த அப்பாவை, கட்டவிடாமல் நிறுத்தியவள் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அந்தப் பைனான்ஸ்காரரைப் பற்றி நான் எவ்வளவு கேவலமாக எழுதினாலும் தப்பில்லை.

அப்பா சிங்காநல்லூர் மில் ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். மில்லை மூடினார்கள். கைக்கு வந்த பணத்தோடு அம்மாவின் வளையல்களையும் விற்றுப் போட்டார். அதுவும் போதாமல் ஒரு லட்சம் கடன் வாங்கி, பழைய டீசல் அம்பாசிடர் ஒன்றை எடுத்து டாக்சி ஸ்டாண்டில் நிறுத்தினார். கடன் கொடுத்தவர் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமன் முறை. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் மூன்று பேனா, வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. கடன் கொடுத்த அன்றைக்கே வண்டியின் ரெண்டாவது சாவியை வாங்கி, சுவரில் இருந்த பலகையில் மாட்டினார். நம்பர் எழுதிய அட்டையோடு ஐம்பது சாவியாவது அங்கே தொங்கியது.

"உங்க சாவி தொலைஞ்சு போச்சுன்னா இங்க வந்து வாங்கிக்கலாமில்லீங்க" என்றார்.

அப்பா கும்பிட்டு நன்றி சொன்னார்.

அந்த வருஷம் நான் பி.காம் முடித்துவிட்டு, கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் சேர்ந்திருந்தேன். கட்டம் கட்டமாக எண்ணைப் போட்டால் தானே பெருக்கிக் கூட்டிக் காட்டும் அந்தத் திரை என்னைப் பைத்தியமாக அடித்தது. வீட்டில் கிடைத்ததையெல்லாம் அதில் போட்டுப் பார்த்தேன்: பால் கணக்கு, பஸ் செலவு, கடைசியில் அப்பாவின் டியூ கார்டு. கார்டில் வட்டி பதினெட்டு சதவீதம் என்றிருந்தது. ஆனால் மூன்று வருஷ வட்டியை முதல் நாளே ஒரு லட்சத்துக்குப் போட்டு, அசலோடு கூட்டி, முப்பத்தாறால் வகுத்திருந்தார்கள். பாதி அசலைத் திருப்பிக் கட்டின பிறகும் முழு லட்சத்துக்குத்தான் வட்டி ஓடும். மாசாமாசம் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போட்டுப் பார்த்தால், அந்தப் பதினெட்டு முப்பதைத் தாண்டியது. மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் தாண்டியது.

காந்திபுரத்தில் ஒரு பேங்க்கில் விசாரித்தேன். பழைய வண்டிக்கும் கடன் உண்டு. பதினேழு சதவீதம், குறையும் பாக்கிக்கு மட்டும். அவர்களிடம் வாங்கி பைனான்ஸை அடைத்துவிட்டால் மாசம் ஐநூற்று இருபது ரூபாய் மிச்சம். என் இரண்டு மாத கம்ப்யூட்டர் பீஸ்.

அதோடு நின்றிருக்கலாம். நான் அந்தக் கணக்கைப் பிரிண்ட் போட்டு, ஐந்து ஜெராக்ஸ் எடுத்து ஸ்டாண்டில் இருந்த டிரைவர்களுக்கும் கொடுத்தேன். எல்லோரும் அதே பைனான்ஸில் கடன் வாங்கியவர்கள்தான்.

"ஏனுங் அம்மணி, இதென்ன ஜாதகமா? இத்தனை கட்டம் போட்டிருக்குது" என்றார் ஒருவர்.

"ஜாதகந்தாங்கண்ணா. உங்க வண்டில சனி எங்க உட்கார்ந்திருக்குதுன்னு காட்டுது."

எல்லோரும் சிரித்தார்கள். என் சாமர்த்தியத்தில் எனக்கே புல்லரித்தது. மஞ்சள் துண்டு போட்ட ஒருவர் மட்டும் சிரிக்காமல், காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இவர்தான் ஒழுங்காகப் படிப்பார் என்று நினைத்தேன்.

பேங்க்கில் கேட்டது ஒரு லெட்டர். பைனான்ஸுக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் வண்டியை விட்டுவிடுவார்களா என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அப்பாவைக் கூட்டிக்கொண்டு நானே போனேன். மாமா கண்ணாடியை மாட்டி, என் பிரிண்டை வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

"பாருங்க, புள்ளைன்னா இப்படிப் படிக்கோணும். நம்மூட்ல ஒருத்தன் இருக்கறான், சினிமாக் கொட்டாய்க்கு வழி கேட்டா மட்டும் கரெக்டா சொல்லுவான்" என்று அப்பாவிடம் சொல்லி, எனக்குக் காபி வரவழைத்தார்.

பாக்கி என்று நான் சொன்ன தொகை எழுபத்தாறாயிரம். அவர் பேரம் பேசவே இல்லை. டைப்பிஸ்ட்டைக் கூப்பிட்டு லெட்டர் அடிக்கச் சொல்லி, சீல் வைத்து, என் கையிலேயே கொடுத்தார். நான் ஜெயித்துவிட்டேன். எழுந்தபோது சாதாரணமாகச் சொன்னார்:

"ஒண்ணே ஒண்ணு கண்ணு. இடையில டியூ கட்டினா பாக்கி மாறிப்போயிரும். லெட்டரை மறுக்கா அடிக்கோணும், பேங்க்குல மறுக்கா மொதல்ல இருந்து பாப்பாங்க. செக் வர்ற வரைக்கும் அப்படியே நிக்கட்டும். அப்பறம் சேத்து நேர் பண்ணிக்கலாம்."

எவ்வளவு நியாயமான பேச்சு. கட்டினால் எண் மாறத்தான் செய்யும். கணக்குத் தெரிந்தவளுக்கு அது உடனே புரியும். புரிந்தது. அதை ஒரு வரி எழுதி வாங்க மட்டும் தோன்றவில்லை. சொந்தக்காரர் வாயால் சொன்னதை எழுதிக் கேட்பது எங்கள் பக்கத்தில் மூஞ்சியில் அடிப்பது மாதிரி. நானும் மரியாதை தெரிந்த பெண்.

அஞ்சாம் தேதி வந்தது. அப்பா பணத்தை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"கட்டாதீங்கப்பா. கணக்கு மாறீரும்."

"அஞ்சாம் தேதின்னா கட்டிப்போடோணும் சாமி. பழகிப் போச்சு."

"அவரே வேண்டாம்னு சொன்னாரில்லீங்க. நீங்க உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி பண்ணி என்ற வேலையைக் கெடுத்துப்போடாதீங்க."

அப்பா பணத்தைத் திருப்பி அம்மாவிடம் கொடுத்தார். பேங்க்கில் முதல் மாதம் வண்டியை மதிப்புப் போட ஆள் வரவில்லை. இரண்டாம் மாதம் வீட்டைப் பார்க்க வந்தவர் வாடகை ரசீது கேட்டார். மூன்றாம் மாதம், பதினைந்தாம் தேதி செக் நிச்சயம் என்றார்கள். பைனான்ஸுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார்கள். அதற்குள் மூன்றாவது அஞ்சாம் தேதியும் போய்விட்டது.

ஏழாம் தேதி கோபிசெட்டிபாளையத்தில் என் காலேஜ் தோழியின் கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை வண்டி எங்களுடையது. அப்பா விடியலிலேயே கழுவித் துடைத்து, ரோஜாவும் சம்பங்கியும் கட்டி மண்டபத்து வாசலில் நிறுத்தியிருந்தார். முகூர்த்தம் முடிந்து அப்பா பந்தியில் உட்கார்ந்தபோது, நான் வாசலுக்கு வந்தேன். இரண்டு பேர் எங்கள் வண்டியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள். உடைக்கவில்லை, நெம்பவில்லை. சாவி போட்டுத் திறந்தார்கள். சாவியில் நம்பர் அட்டை ஆடியது.

அப்பா எச்சில் கையோடு ஓடி வந்தார்.

"ஏனுங்கண்ணா, பாதிச் சோத்துல எந்திரிச்சு வந்துட்டீங்க? சாப்பிட்டுட்டு வாங்க, நாங்க நிக்கறோம். ஒண்ணும் அவசரமில்லீங்க" என்றார் ஒருவர்.

மற்றவர் என்னைப் பார்த்து, "பூவெல்லாம் உங்களுதுங்க அம்மணி. எடுத்துக்கோங்க" என்றார்.

கூட்டம் கூடிவிட்டது. பெண்ணின் பெரியப்பா அப்பாவிடம், "கடன் வண்டின்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்க. நல்ல காரியத்துக்கு வேற வண்டி பேசியிருப்போம்" என்றார். அவர்கள் ஒரு வேன் பிடித்தார்கள். அதற்கும் பூ வேண்டுமே. அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, அம்பாசிடரில் இருந்து ஒவ்வொரு சரமாக அவிழ்த்து வேனில் கட்டினார். நூல் முடிச்சு இறுகிக் கிடந்ததால் பல்லால் கடித்து இழுத்தார். பைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பூ முழுவதும் போன பிறகுதான் வண்டியை எடுத்தார்கள்.

மறுநாள் நான் பைலோடு மாமா முன்னால் நின்றேன்.

"மூணு டியூ நின்னு போச்சுங்களே அம்மணி."

"நீங்கதானுங்க மாமா நிக்கட்டும்னு சொன்னீங்க."

"அப்படியா? லெட்டர்ல இருக்குதா பாரு. படிச்ச புள்ளை, எல்லாத்தையும் எழுதி வெக்கற புள்ளை. எங்க எழுதியிருக்குதுன்னு காட்டு கண்ணு, இப்பவே வண்டியை எடுத்துக் குடுத்தர்றேன்."

லெட்டரை மறுபடி படித்தேன். எதற்குப் படித்தேன் என்று தெரியவில்லை. அவர் மேசைக் கண்ணாடியை ஒரு ஓரம் தூக்கி, அடியில் இருந்த காகிதத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். என் ஜெராக்ஸ். நாலாக மடித்த தடம் இருந்தது.

"உன்ற அப்பன் ஒருத்தரு போறதுன்னா போகட்டும்னு உட்டிருப்பேன். நீ ஸ்டாண்டுக்கே ஜாதகம் எழுதிக் குடுத்துட்டே. காபி சாப்பிடறயா?"

வண்டி வேண்டுமென்றால் நின்றுபோன மூன்றோடு சேர்த்து மீதி இருபத்துநாலு டியூவையும் வண்டி எடுத்த கூலியையும் ஒரே தடவையாகக் கட்ட வேண்டும் என்றார். வாங்கின கடனைவிட அது பெரிய தொகை. விற்பதற்கு வீட்டில் வளையல் இல்லை. பேங்க் ஆபீசர், "வண்டியே கையில இல்லாம எதுமேல கடன் குடுக்கறதுங்க?" என்று கேட்டுவிட்டு பைலைக் கட்டினார். அவர் கேட்டதில் தப்பு ஒன்றுமில்லை.

வண்டியை மஞ்சள் துண்டுக்காரர் வாங்கினார். அவருக்கு அது இரண்டாவது வண்டி, அதனால் ஓட்ட ஆள் வேண்டியிருந்தது. அப்பாவைவிட அந்த என்ஜினைத் தெரிந்தவர் யார் இருக்கிறார்கள்? அப்பா சம்பளத்துக்கு ஓட்டுகிறார். அஞ்சாம் தேதி ஆனால், முதலாளி கொடுக்கும் டியூ பணத்தை அப்பாதான் கொண்டுபோய்ப் பைனான்ஸில் கட்டிவிட்டு வருகிறார். ஒரு நாளும் பிந்தியதில்லை. எங்கள் சாவி இன்னமும் அம்மாவின் பெட்டியில்தான் கிடக்கிறது. அதை யாரும் கேட்டு வரவில்லை.

அப்பா இதுவரை என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. அதற்குப் பதிலாக ஒன்று கண்டுபிடித்து வைத்திருக்கிறார். போன மாதம் சரவணம்பட்டி போகும் வழியில் என்னைப் பார்த்து நிறுத்தி ஏற்றிக்கொண்டார். பின்சீட்டில் இருந்த பெரியவர், "யாருங்க, பொண்ணுங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க. கணக்குல ரொம்பக் கெட்டிங்க" என்றார் அப்பா.

"அப்படீங்களா, பரவாயில்லையே."

"இந்த வண்டிக்கே ஒருக்கா போட்டுக் குடுத்துதுங்க. ஐநூத்தி இருபது ரூபா மிச்சம் வந்துது. ஏனம்மணி, ஐநூத்தி இருபதுதானே?"

ஆமாங்கப்பா என்றேன்.