ஐம்பத்தொன்பதாம் அடிக் கல்

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். மண், நீர், பாறை, மழை இவற்றைப் பற்றிப் படித்தால் என்னென்ன வேலைக்குப் போகலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் கூட்டம். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் சுவரில் படம் தொங்கவிட்டு, எந்தப் பாடம் எடுக்க வேண்டும், எத்தனை வருடம் படிக்க வேண்டும், எந்த நாட்டுக்குப் போகலாம் என்று விவரமாகப் பேசினார். நல்ல பேச்சு. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். கடைசியில், யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். என்னிடம் கேள்வி இல்லை. பதில்தான் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை. ஆகையால் எழுதுகிறேன்.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி. அதற்குப் பிறகு றொசல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கான் வெட்டினேன், கல் கட்டினேன். மழைத் தண்ணீர் தேயிலை மலையின் மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கக் குறுக்கே வெட்டும் வாய்க்கால்தான் கான். நான் வெட்டிய கான் எந்த மழைக்கும் உடைந்ததில்லை. நான் கட்டிய கல்வரிசை இன்றைக்கும் நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். ஒரு கல்லைக் கையில் எடுத்து ஒரு தடவை புரட்டினால் அது எந்தப் பக்கமாக உட்காரும் என்று எனக்குத் தெரிந்துவிடும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரும் விஷயத்துக்கு வேண்டியிருக்கிறது.

அறுபதுகள் தொடங்கிய நேரம். ஆற்றுத் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. வெட்டுவதற்கு முன் மலைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு துளை இயந்திரம் கொண்டுவந்து வைத்தார்கள். நுனியில் வைரம் பதித்த இரும்புக் குழாய் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கும். மேலே இழுத்தால் குழாய்க்குள் கல் உருளை உருளையாக வரும். மூன்று அங்குலக் கனம், கண்ணாடி மாதிரி வழவழப்பு. எத்தனையாவது அடியில் வந்தது என்ற வரிசைப்படி அவற்றை நீளமான பலகைப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் கேட்டார்கள்.

நான் போவதாகச் சொன்னேன். தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கு ஐயா, காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அத்தனை பேர் முன்னாலும் கேட்டார்.

"போனா செக்ரோல்ல பேர வெட்டிருவேன். அந்த மிசினு போன பெறகு இங்க வந்து நிக்கக் கூடாது. சரியா?"

"சரிங்க."

தோட்டத்துப் பேர்ப் பதிவேட்டிலிருந்து வெட்டிவிட்டார். கல்யாணமாகி நான்கு மாதம். இருப்பது, வரிசை வீடுகளான லயத்தில், மாமியாரின் ஒற்றை அறைக் காம்பிராவில். துளை வேலையும் போய்விட்டால் மாமியார் வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வேறு தோட்டத்திலும் பேர் பதிய மாட்டார்கள். என் நிலைமை இவ்வளவுதான்.

இயந்திரத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களவர். பாஸ் என்று கூப்பிடுவோம். கல்லைப் பார்த்து எழுதிக்கொள்ள வந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், பாறை படித்தவர். தோட்டத்தில் அவருக்குக் கல்லுத் தொரை என்று பேர். அவருக்கு ஒரு பழக்கம். கல்லைக் கையில் எடுத்ததும் நாக்கால் ஒரு நக்கு நக்குவார். பிறகு கண்ணாடி வில்லையை வைத்துப் பார்ப்பார். காய்ந்த கல்லில் வரி தெரியாது, ஈரமானால் தெரியும் என்பது காரணம். அது எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்றைக்கு உப்புப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுபது அடி இறங்கியதும் அவர் வந்து எல்லாப் பெட்டிகளையும் பார்த்து, நக்கி, எழுதிக்கொண்டு போனார். அதோடு கல்லின் வேலை முடிந்தது என்று முடிவு செய்தேன். பார்த்தாகிவிட்டது, எழுதியாகிவிட்டது, இனி அதற்கு என்ன வேலை? மாமியாரின் அம்மிக்குழவி நடுவில் தேய்ந்து, ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. பெட்டியிலிருந்து ஒன்றேகால் அடித் துண்டு ஒன்றை எடுத்துப் போய்க் கொடுத்தேன். ஐம்பத்தொன்பதாம் அடிக் கல்.

மாமியார் அன்றைக்கே மிளகாயும் தேங்காய்ப் பூவும் வைத்து உருட்டிப் பார்த்தார். "வெண்ணெ மாதிரி போகுது மாப்புள" என்றார். நான்கு மாதத்தில் அவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

லயத்தில் ஒரு வீட்டுச் சம்பல் நன்றாயிருந்தால் அடுத்த வீட்டுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும்? மறுநாளே கேட்டு வந்தார்கள். கேட்டு வந்தவர்களை இல்லையென்று அனுப்புவது என் குணத்தில் இல்லை. இரண்டு வாரத்தில், மாமியாருடையதோடு சேர்த்துப் பத்துத் துண்டுகள் போயின. நல்ல நீளமான, விரிசல் இல்லாத துண்டுகளாகப் பார்த்துத்தான் கொடுத்தேன். உடைசலைக் கொடுத்தால் என் பேர் என்ன ஆவது?

ஒரு செவ்வாய்க்கிழமை பாஸ் வந்து, வெள்ளிக்கிழமை கல்லுத் தொரை திரும்பவும் வருகிறார், சுரங்கம் இந்த வழியாகப் போகலாமா என்று பெட்டிகளைக் கடைசியாகப் பார்த்துத் தீர்மானிக்கப் போகிறார் என்றார். சொல்லிவிட்டு, மேலே மூடியிருந்த படங்குத் துணியைத் தூக்கிப் பெட்டிகளைப் பார்த்தார்.

"நல்ல கல்லு எல்லாம் எங்க?"

"லயத்துல பாஸ்."

"லயத்துல?"

"அம்மியில."

அவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு விளக்கினார். நீளமான துண்டு வந்தால் அந்த இடத்தில் மலை திடமாக இருக்கிறது என்று அர்த்தம். உடைசலாக வந்தால் அல்லது வராமலே போனால் மலை உளுத்திருக்கிறது என்று அர்த்தம். நான் நல்லதையெல்லாம் பொறுக்கிக் கொடுத்து, உடைசலை மட்டும் பெட்டியில் விட்டு வைத்திருந்தேன்.

"இத பாத்தா, தொரை முன்ன எழுதின பொஸ்தகம் பிழை, நான் ஒழுங்கா தொளைக்க இல்ல, கல்ல ஒடச்சிட்டேன்னு சொல்லுவாங்க. என் வேல போகும். அதுக்கு முன்னுக்கு ஒன் வேல போகும்."

மலைக்கு இல்லாத கெட்ட பேர் வரப்போகிறது என்பதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று மாலை சாக்கை எடுத்துக்கொண்டு லயத்தில் முதல் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

"எடுத்துட்டுப் போங்கண்ணே" என்றது முதல் வீட்டுப் பெண். "அப்படியே தெனம் சாயங்காலம் வந்து ரொட்டிக்குச் சம்பலும் அரைச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"பழைய கொழவி எங்க தங்கச்சி?"

"கான்ல எறிஞ்சுட்டேன். நீங்க வெட்டுன கான்தான். எந்த மழைக்கும் ஒடையாதுன்னு சொல்லுவீங்கள்ல, அங்கயே கெடக்கும், தேடிப் பாருங்க."

தேடி எடுத்தேன். அங்கேயேதான் கிடந்தது. மூன்று பேருடைய பழைய குழவியைக் கானிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எட்டாம் காம்பிராவில் கல்லைச் சொரசொரப்பாகக் கொத்தியே வைத்திருந்தார்கள். புதன்கிழமைக்குள் ஒன்பது கல் திரும்பி வந்துவிட்டது. பத்தாவது எங்கள் வீட்டில்.

"மாமி, அந்தக் கல்லு வேணும். வேல போயிரும்."

"குடுத்தத திருப்பிக் கேக்குற மாப்புளய இப்பத்தான் பாக்குறேன். எம் மகளக் கட்டிக் குடுத்தேன், திருப்பிக் கேட்டனா?"

"அது கவர்மெண்டு கல்லு மாமி."

"அப்ப கவர்மெண்ட வந்து கேக்கச் சொல்லு."

என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அதற்கு மேல் மாமியாரிடம் பேச முடியாது. பேசிப் பார்த்தவர்கள் யாரும் லயத்தில் இல்லை.

வியாழக்கிழமை முழுவதும் ஒன்பது கல்லையும் சாம்பல் போட்டு, தேங்காய் மட்டையால் தேய்த்துக் கழுவினேன். எது எந்த அடி என்று எந்தக் கல்லிலும் எழுதியிருக்கவில்லை. கருப்பும் வெள்ளையுமாகச் சாய்ந்த வரிகள், சிலவற்றில் சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். ஆனால் ஒரு துண்டில் முடிகிற வரி அடுத்த துண்டில் தொடர்ந்தாக வேண்டும். உடைந்த வாயோடு உடைந்த வாய் பொருந்தியாக வேண்டும். கல்வரிசை கட்டியவனுக்கு இது ஒரு வேலையா? மாலைக்குள் அடுக்கிவிட்டேன். ஐம்பத்தொன்பதாம் அடியில் மட்டும் ஒன்றேகால் அடிக்கு வெற்றிடம். பாஸ் பெட்டிகளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பீடி ஒன்று கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை கல்லுத் தொரை வந்தார். முதல் பெட்டி, இரண்டாம் பெட்டி, ஒன்றும் இல்லை. மூன்றாம் பெட்டியில் ஒரு கல்லை எடுத்து, வழக்கம்போல நாக்கை வைத்தார். அப்படியே நின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன காணும் இது? கல்லு உறைக்குது!"

பாஸ் மேகத்தைப் பார்த்தார். எட்டாம் காம்பிராவில் கொத்தி வைத்த கல் அது. கொத்தின குழிக்குள் போன மிளகாயைச் சாம்பல் எடுக்காது. எனக்கு அது தெரியும். அவருடைய நாக்குத்தான் நினைவுக்கு வரவில்லை.

மறைப்பதில் இனி பிரயோசனமில்லை. "அது நாப்பத்தி மூணாவது அடிங்க. எட்டாம் காம்பிராவுல இருந்து வந்துச்சுங்க" என்றேன். முழுவதையும் சொன்னேன். அவர் தண்ணீர் வாங்கி வாயைக் கொப்பளித்தார்.

"குழம்பிப்போன கல்லை ஆர் திரும்ப அடுக்கினது?"

"நாந்தாங்க."

"எதைப் பாத்து?"

"கல்லப் பாத்துங்க."

அவர் நம்பவில்லை. ஒரு பெட்டியிலிருந்து எட்டுத் துண்டுகளை எடுத்துப் படங்கின் மேல் உருட்டிக் கலைத்துப் போட்டார். "அடுக்கும் பாப்பம்." அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அது முடிவதற்குள் அடுக்கி முடித்தேன். புத்தகத்தைப் பார்த்தார்.

"அஞ்சாவது துண்டு தலைகீழ்."

"இல்லைங்க. உங்க பொஸ்தகந்தாங்க தலைகீழ்."

பாஸ் இந்தத் தடவை மேகத்தையும் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். கல்லுத் தொரை குனிந்து உட்கார்ந்து, வரியை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிக்கொண்டு வந்தார். இரண்டு தடவை. பிறகு சட்டைப் பையிலிருந்து அழிப்பானை எடுத்துப் புத்தகத்தில் எதையோ அழித்தார்.

"ஐம்பத்தொன்பதாம் அடி எங்கை?"

"மாமி குடுக்க மாட்டேங்குறாங்க. கவர்மெண்டு வந்து கேக்கணுமாம்."

அவரே வந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டுக் காம்பிராவுக்குள் அம்மிக்கு முன்னால் குந்தினார். மாமியார் அரைத்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை, கையைக் கழுவிவிட்டுக் குழவியை மட்டும் கொஞ்சம் திருப்பிக் காட்டினார்.

"பாத்துக்கிருங்க தொரை. தூக்கிறாதீங்க."

அவர் வில்லையை வைத்துப் பார்த்தார். நாடாவை வைத்து அளந்தார். நாக்கை வைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, "அம்மா, உந்தக் கல்லு இஞ்சையே இருக்கட்டும்" என்றார். மாமியார் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

பெட்டியில் அந்த இடத்தில், அதே நீளத்துக்கு ஒரு மரக்கட்டை வைக்கச் சொன்னார். வைத்தேன். போகும்போது பாஸிடம், "உவனை விட்டுடாதையும். அடுத்த துளைக்கும் உவன்தான் வேணும்" என்றார்.

அப்படித்தான் நான் இந்தத் துறைக்கு வந்தேன். அடுத்த துளை, அதற்கடுத்த துளை, பொல்பிட்டிய, பட்டிப்பொல என்று பெட்டிகளோடு போனேன். என்னை நிரந்தரமாக்க அவர் ஒரு படிவம் கொண்டு வந்தார். அதில் படிப்புச் சான்றிதழுக்கு ஒரு கட்டம், இந்த நாட்டுப் பிரஜைதானா என்பதற்கு ஒரு கட்டம். தோட்டத்து ஆட்களில் பலருக்கு அன்றைக்குப் பிரஜாவுரிமையே இல்லை. இரண்டிலும் எழுத என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போனேன். அந்த வேலையில் இருந்த வரைக்கும் நான் தற்காலிக ஆள்தான். ஒரு கல்லும் அதற்குப் பிறகு என் கையை விட்டுப் போனதில்லை.

சுரங்கம் அந்த வழியாகவே போனது. ஐம்பத்தொன்பதாம் அடிக் கல் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மாமியாருக்குப் பிறகு என் மனைவி அரைக்கிறாள். இத்தனை வருட அரைப்பில் அது தேய்ந்ததாகத் தெரியவில்லை. மலை திடமானதுதான், நான் நினைத்தது சரி. கூட்டத்தில் பேசிய ஐயாவும், இந்தப் படிப்புப் படிக்க நினைக்கும் பிள்ளைகளும் தாராளமாக வந்து பார்க்கலாம். பத்தரை மணிக்கு முன்பு வரவும். அதற்குப் பிறகு கல்லுக்கு வேலை இருக்கிறது. நாக்கை மட்டும் வைக்க வேண்டாம்.