கம்பியில் குத்திய சீட்டு

1

என் அண்ணன் இறந்த அடுத்த மாதம், அவன் வேலை பார்த்த அம்பத்தூர் எஸ்டேட் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலேயே என்னை வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீஸில் சேர்த்துக்கொண்டார்கள். எட்டாவது வரை படித்திருந்தேன். முதல் நாளே சூப்பர்வைசர் கண்ணப்பன், பஞ்சிங் கடிகாரத்துக்குப் பக்கத்தில் தொங்கிய கம்பியைக் காட்டினார்.

"இன்னாம்மா, ஈ.எஸ்.ஐ. டாக்டர் குடுத்த சிக் சீட்டு வந்தா இதுல குத்து. யார் லீவுன்னு எல்லாருக்கும் தெரியும்."

லீவு மட்டுமா தெரியும்? நடு வரியில் நோயின் பேரும் இருக்கும். கார்டு பஞ்ச் பண்ண வரிசையில் நிற்பவர்கள் சத்தமாகப் படிப்பார்கள். "மச்சான், மூலமாம்டா! இனிமே நின்னுகினேதான் வேல செய்வான்!" நானும் சிரித்திருக்கிறேன்.

2

யூசுப் பாய் டூல் ரூமில் டை ஃபிட்டர், பிரஸ்ஸுக்கு அச்சு பொருத்துகிறவர். பூந்தமல்லிக்காரர். ஒருநாள் அவர் மனைவி சீட்டு கொண்டுவந்து கொடுத்தார். வழக்கம்போல் குத்தினேன். டி.பி. என்று எழுதியிருந்தது. சாப்பாட்டு மணிக்குள் பாயின் டம்ளரும் ஏப்ரனும் கேட்டுக்கு வெளியே கிடந்தன.

மறுநாள் அந்த அம்மாவை வரவழைத்துக் கண்ணப்பன் சொன்னார்: "வேற ஆள் போட்டாச்சு. பாய இனிமே வர வேணாம்னு சொல்லிடு."

"மூணு புள்ளைங்க கீது அண்ணே," என்றார் அவர். கண்ணப்பன் உள்ளே போய்விட்டார்.

என் அண்ணனும் இருமிக்கொண்டேதான் இருந்தான். "டிஸ்பென்சரிக்குப் போண்ணா" என்றால், "வேணாம், கம்பில குத்திடுவானுங்க" என்பான். கடையில் சிரப் வாங்கிக் குடித்தே போய்ச் சேர்ந்தான். எந்தக் கம்பி என்று நான் கேட்டதே இல்லை.

3

அரை நாள் லீவு போட்டு ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க்கம்மா முதலில் திட்டினார்.

"ஒருத்தர் நோவ ஊருக்கே படிச்சிக் காட்டுவியா? நல்ல ஆளும்மா நீ. கேட்டுக்க, டாக்டர் குடுத்த லீவுல கீற வரைக்கும் அவர வேலைய உட்டுத் தூக்கக் கூடாது. தூக்குனா செல்லாது. டி.பி.க்கு லீவும் ஜாஸ்தி உண்டு."

அந்தச் சட்டப் பிரிவை ஒரு தாளில் எழுதி வாங்கிப்போய் மேனேஜரிடம் நீட்டினேன்.

"நீ எட்டாங்கிளாஸ்தானே?"

"ஆமா சார். படிக்கத் தெரியும்."

இரண்டு முறை படித்தார். யாருக்கோ போன் போட்டுக் கேட்டார். பிறகு கண்ணப்பனைக் கூப்பிட்டு, "பாய் பேரை எடுக்காதய்யா" என்றார்.

வெளியே வந்ததும் கண்ணப்பன் கும்பிட்டார். "வக்கீலம்மா, வணக்கம்!"

அந்தச் சூட்டிலேயே கம்பியிலிருந்த சீட்டுகளை உருவி என் டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

"இன்னா நோவுன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?" என்று கண்ணப்பன் கத்தினார்.

"எத்தினி நாள் வர மாட்டாருன்னு தெரிஞ்சா போதும் அண்ணே. அத நான் சொல்றேன்."

4

பாய் மருந்தை முழுசாக முடித்து, கொஞ்சம் சதைபோட்டுத் திரும்பி வந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"சீட்டக் கம்பில குத்துனது நான்தான் பாய்."

"தெரியும்மா. மொதல்ல என் கார்ட எடு, மணி ஆவுது."

அன்று முழுக்க டூல் ரூமிலிருந்து அவர் சுத்தியல் சத்தம் வந்துகொண்டிருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

டைம் ஆபீஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சீட்டில் தேதியைப் பார், டாக்டர் கையெழுத்தைப் பார். நடுவில் இருக்கிற வரி உனக்கு எழுதினது இல்லை.