சிலைக்கு இடம் கொடுக்காத எல்லம்மாள்

புருஷன் நகராட்சித் தலைவராக இருந்த ஐந்து வருஷமும் எல்லம்மாள் மார்க்கெட் வாசலில் கீரைதான் விற்றாள். காஞ்சிபுரத்தில் இதைப் பேசாத வாய் இல்லை. "சேர்மன் பொண்டாட்டி தரையில குந்திக்கினு அரைக்கீரை கட்றா, கூத்த பாருங்கடா" என்று கட்சிக்காரர்களே சிரித்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? "அவரு பதவி அஞ்சு வருசம். என் கீரை ஆயுசுக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டுக்கு நார் கிழிப்பாள்.

செவிலிமேட்டுப் பக்கம் குத்தகை நிலத்தில் கீரை பறித்து, முதல் டவுன் பஸ் பிடித்து வருகிறவள். வந்ததும் குழாயடியில் ஒரு குடம் தண்ணீர் பிடித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அது கீரைக்கு. தெளித்துக்கொண்டே இருக்காவிட்டால் வெயில் ஏறுவதற்குள் வாடிவிடும். தன் தொண்டையில் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டாள். விட்டால் அப்புறம் எங்கே போவது? ஆண்களுக்கு எந்தச் சுவரும் போதும். மார்க்கெட்டில் உட்கார்ந்த பெண்கள் எல்லோருக்கும் அதே விரதம்தான். ஏகாதசிக்காவது மாதத்தில் நாள் உண்டு, இது தினம். இப்படிக் காய்ந்து காய்ந்து ஒருநாள் அவள் கூடை மேலேயே சுருண்டு விழுந்தாள். உள்ளே எல்லாம் புண் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுத புருஷன் இளங்கோவன் அப்போது வெறும் வார்டு கவுன்சிலர்.

தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் முதல் வேலையாக மார்க்கெட் முனையில் பெண்களுக்குக் கழிப்பிடம் கட்டப்போவதாகச் சொன்னார். சாமி புறப்பாடு வருகிற தெருவில் கக்கூஸா என்று ஒரு கூட்டம் குதித்தது. "சாமிய பாக்க வர்ற பொம்பளைங்க எங்கய்யா போவாங்க?" என்று திருப்பிக் கேட்டார். குதித்த கூட்டம் கலைந்தது, கட்டடம் வந்தது. அது திறந்த அன்றுதான் எல்லம்மாள் மார்க்கெட்டில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். அந்தத் தண்ணீருக்கு ஈடாக அவள் எந்தப் பதவியையும் மதித்ததில்லை.

நகராட்சி மாநகராட்சி ஆன பிறகும் ஊர் வாயில் இளங்கோவன் சேர்மன்தான். போன வருஷம் அவர் மாரடைப்பில் போனபோது ஊர் உண்மையாகவே அழுதது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் அவருடைய நண்பர், பட்டுக்கடை சீனிவாசன். அழுதுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சிலைக் கமிட்டி போட்டார். மார்பளவுச் சிலை தயாரானது. நாலு பேர் கண்ணில் படுகிற இடமாகத் தேடித் தேடிக் கடைசியில் மார்க்கெட் முனையைப் பிடித்தார்கள். அங்கே ஏற்கெனவே கழிப்பிடம் இருந்ததே? இடித்துவிட்டால் ஆயிற்று!

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குகிறவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். இவர்கள் சேர்மனின் பெயரை வைக்க அவர் செய்த காரியத்தையே இடிக்கக் கிளம்பினார்கள். இத்தனைக்கும் எல்லாம் பாசம்தான்.

அழைப்பிதழோடு வந்த சீனிவாசனை எல்லம்மாள் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"வேற எடத்துல புதுசா கட்டிக்கலாம் அண்ணி."

"வேற எடம் இருக்குதுல்ல? சிலைய அங்க வை."

"கக்கூஸ் மொனைங்கற பேரு மாறணும் அண்ணி. அண்ணனுக்கே அது அசிங்கம்."

"அசிங்கமா? அவரு நெஞ்ச நிமித்திக்கினு நின்னது அந்த வாசல்ல மட்டுந்தான் சீனு. இடிச்சீன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

துக்கத்தில் பேசுகிறாள் என்று சீனிவாசன் நினைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை, ராகுகாலம் பிறப்பதற்கு முன் பூஜை என்று குறித்தார்.

அன்று பந்தலும் நாதஸ்வரமுமாக மார்க்கெட் முனை அமர்க்களப்பட்டது. பொக்லைன் வண்டி ஓரமாக நின்றது. தாம்பாளத்தில் மாலை சுற்றிய கடப்பாரை. முதல் குத்து சேர்மன் வீட்டம்மா கையால் என்று ஏற்பாடு. தாலி இறங்கினவள் தொட்டுத் தொடங்கலாமா என்று முணுமுணுத்தவர்களைச் சீனிவாசனே முறைத்து அடக்கினார். எல்லம்மாள் கடப்பாரையை இரண்டு கையாலும் எடுத்தாள். கூட்டம் கைதட்டியது. கட்டடத்தை நோக்கி நடந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பாமல் நேரே உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

நாதஸ்வரக்காரர் பாவம், எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் ஊதிக்கொண்டே இருந்தார்.

மார்க்கெட் பெண்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மீன்காரி பட்டம்மாள் கத்தியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து வாசலில் நின்றாள். அவள் பின்னால் பூக்காரிகள், அவர்களுக்குப் பின்னால் வெங்காயக்காரிகள். எல்லம்மாள் வெளியே வந்தாள், பட்டம்மாள் உள்ளே போனாள். வெளியே வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை, வரிசையின் வாலில் போய் நின்றுகொண்டாள். ஒவ்வொருத்தியும் அப்படியே. கட்டடம் ஒரு நிமிஷம்கூடக் காலியாகவில்லை.

"உள்ள பொம்பளைங்க இருக்காங்க சார், நான் கை வைக்க மாட்டேன்" என்று பொக்லைன் டிரைவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். அய்யர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சீனிவாசனுக்கு வேர்த்துக் கொட்டியது. பந்தோபஸ்துக்கு வந்திருந்த பெண் போலீஸ் ஏஞ்சலிடம் ஓடினார். "கொஞ்சம் வெலக்கி வுடும்மா, நேரம் தப்புது."

ஏஞ்சல் லத்தியோடு வந்தாள். "கலைஞ்சு போங்கம்மா."

எல்லம்மாள் அசையவில்லை. அந்தப் பெண்ணின் வெடித்த உதட்டைப் பார்த்தாள். "எப்ப டூட்டிக்கு வந்த?"

"விடியறதுக்கு முந்தி."

"அப்பறம் எங்கனா போனியா? தண்ணி குடிச்சியா?"

ஏஞ்சல் வரிசையைப் பார்த்தாள். பிறகு தொப்பியைக் கழற்றி லத்தியோடு சேர்த்துச் சீனிவாசன் கையில் கொடுத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"நீ மொதல்ல போ கண்ணு" என்று பெண்கள் வழிவிட்டார்கள்.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அய்யர் கற்பூரத் தட்டை மூட்டை கட்டினார். போலீஸ் தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற சீனிவாசன், "நாளைக்கு வேற நேரம் குறிக்கட்டுமா அண்ணி?" என்றார்.

"தாராளமா குறி சீனு. நாங்களும் வருவோம். இது எங்களுக்குத் தெனம் வர்ற விசயம்பா."